இரண்டெழுத்து மரியாதை

2022 தீபாவளிக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் இருக்கும்போது, திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் அயர்ன் செக்‌ஷனில் நின்றிருந்த ஒருவர், அந்த வழியாக வந்த புரொடக்‌ஷன் மேனேஜரைப் பார்த்து, "சார், நீ வா. இத பாரு. கலர் வேற" என்று சொன்னார். ஏழு சொற்கள். அவற்றுள் 'நீ' என்ற ஓரெழுத்துச் சொல்லுக்காக அவர்மீது விசாரணை நடந்தது. எச்சரிக்கைக் கடிதமும் கொடுக்கப்பட்டது. விசாரணையில் அவருடைய இந்தியைத் தமிழாக்கிச் சொன்னவள் நான். கடிதத்தைத் தட்டச்சு செய்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டியவளும் நான்தான். அன்று என் பங்காக நடந்ததை என்னால் இன்றுவரை ஒதுக்கி வைக்க முடியவில்லை. இரவில் கண்ணை மூடினால் அந்த ஏழு சொற்களும் அவர் சொன்ன அதே குரலில், அதே வேகத்தில் காதில் விழுகின்றன. ஆகவே எழுதுகிறேன்.

அவர் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக்காரர். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். கஞ்சத்து ஆண்கள் பல தலைமுறைகளாகச் சூரத்தின் விசைத்தறிக் கூடங்களுக்குப் பிழைக்கப் போகிறவர்கள். இவரும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு சூரத்துக்குப் போய், பதினைந்து ஆண்டுகள் தறி ஓட்டிவிட்டு, ஊர்க்காரர் ஒருவர் அழைத்ததன் பேரில் திருப்பூருக்கு வந்தார். தாய்மொழி ஒடியா. ஊர் ஆந்திர எல்லைப் பக்கம் என்பதால் தெலுங்கு நன்றாகப் புரியும். சூரத்தில் இந்தி கற்றார். கடைகண்ணிக்குப் போய்வரும் அளவுக்குக் குஜராத்தியும் கற்றார். தமிழ் அவருக்கு ஐந்தாவது மொழி. ஆனால் எங்கள் டைம் ஆபீஸ் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே, மொழி என்ற கட்டத்தில், 'இந்தி' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பியதும் எங்கள் ஆட்கள்தான். வடக்கேயிருந்து வரும் ரயிலில் இறங்குகிற எவரும் இந்திக்காரர்தான் என்று இங்கே எல்லோரும் முடிவு செய்து வைத்திருக்கிறோம். யாரும் யாரையும் கேட்பதில்லை. எங்களில் பெரும்பாலோர் ஒரு மொழியும், இன்னொரு மொழியில் அரைகுறையும் தெரிந்தவர்கள். ஐந்து மொழிகளுக்குள் புழங்கிவந்த அந்த மனிதரைப் பற்றி, "அவனுக்குப் பாஷை தெரியாது" என்று நாள் தவறாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்று நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்தது கருநீல நிறக் குழந்தைகள் டி-ஷர்ட். மறுநாள் பேக்கிங் முடிந்தாக வேண்டும். அயர்ன் மேஜையில் பீஸை விரித்து, கைப்பகுதியை உடல் பகுதியின்மீது மடித்து நீவும்போதுதான் இரண்டு துணிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். டெய்லர் கண்ணுக்குத் தப்பியதும் செக்கிங் பெண்கள் அவசரத்தில் விட்டதும் அங்கே தெரிந்துவிடும். உடம்பு ஒரு சாய லாட்டிலும் கை வேறொரு லாட்டிலும் வெட்டப்பட்டிருந்தன; இரண்டு நீலமும் ஒன்றல்ல என்பதை அவர் பார்த்துவிட்டார். அந்த நேரத்தில் மேனேஜர், வெளிநாட்டு நிறுவனங்களுக்காகத் துணி வாங்கும் பையிங் ஆபீசிலிருந்து வந்திருந்த இருவரோடு அந்தப் பக்கம் வந்தார். அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே வந்தார்கள். மேனேஜர் "எஸ் சார்", "ஓகே சார்" என்ற இரண்டு விடைகளை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே நடந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, சிங்கர், ஓவர்லாக், பிளாட்லாக் என்று ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து எழுந்து இந்த இடத்துக்கு வந்தவர் அவர். ஒரு பீஸைக் கையில் எடுத்தாலே எந்த டேபிளில் தைத்தது என்று சொல்லக்கூடியவர். அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட அந்த இருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஆங்கிலத்தின் முன் அவருடைய முப்பது ஆண்டும் வாய் திறக்காமல் நின்றது. அந்த நேரத்தில்தான், அந்த இருவரின் முன்னால்தான், "சார், நீ வா" என்ற குரல் வந்தது. மேனேஜர் திரும்பிப் பார்க்கவில்லை. காதுமடல் சிவந்தது மட்டும் பக்கத்தில் நடந்த எனக்குத் தெரிந்தது. வேகமாகக் கடந்து போனார். 'இத பாரு' என்பதும் 'கலர் வேற' என்பதும் யார் காதிலும் விழவில்லை.

பையா, பையன், பசங்க

எங்கள் கொங்குப் பகுதியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் முதலில் சொல்வது எங்கள் 'ங்க'வைத்தான். வாங்க, போங்க, சொல்லுங்க, இல்லீங்க, ஆமாங்க. தாய் தன் பிள்ளையைக் கூப்பிடும்போதும், "வாங்க சாமி, சோறு உங்கலாம்" என்பாள். நடை பழகாத குழந்தைக்கும் எங்கள் வீடுகளில் 'ங்க' உண்டு. இந்தப் பெருமையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அதே ஊரில், நூறு மெஷின் ஓடும் ஹாலில், நாற்பது வயது மனிதரிடம் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'ங்க' சொல்லப்படுகிறது என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. வா, போ, எடு, வை, தூக்கு, நிறுத்து, சீக்கிரம், போதும். அவர் காதில் நாள் முழுக்க விழுந்த தமிழ் இவ்வளவுதான். இதற்குள் ஒரு வாக்கியம்கூட முழுதாக இல்லை. இந்த ஏவல்களைக் கொண்டுதான் அவர் தமக்கென்று ஒரு தமிழைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்காரரிடம், மளிகைக் கடையில், பஸ் கண்டக்டரிடம், மேனேஜரிடம் என்று எல்லோரிடமும் அந்தத் தமிழையே பேசினார். மரியாதை காட்ட அவருக்குத் தெரிந்த ஒரே வழி முன்னால் 'சார்' போடுவது. அதை அவர் தவறாமல் போட்டார்.

இன்னொரு சொல்லையும் சொல்ல வேண்டும். வடக்கத்தியத் தொழிலாளர்களை எங்கள் ஹாலில் 'பையா' என்று கூப்பிடுவார்கள். இந்தியில் அந்தச் சொல்லுக்கு அண்ணன் என்று பொருள். அங்கே முன்பின் தெரியாதவரை மரியாதையாக அழைக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். (மும்பையில் அதே சொல் உத்தரப் பிரதேச, பீகார்க்காரர்களை மட்டம் தட்டும் சொல்லாகவும் ஆகிவிட்டது என்பது வேறு கதை.) தமிழ்க் காதில் விழுந்தபோது அண்ணன் எப்படியோ பையனாகிவிட்டான். "ரெண்டு பையனக் கூப்பிடு", "இந்திப் பசங்க எத்தன பேரு வந்திருக்கானுங்க" என்று ஐம்பது வயதுக்காரரைப் பற்றியும் பேசுவோம். பதிவேட்டில் வயது எழுதுகிற நானே அப்படிப் பேசியிருக்கிறேன். ஊரில் அவருக்குக் கல்யாண வயதில் மகள் இருப்பதும், ஊர்க் கோயில் விழாவில் முதல் வரிசையில் நிற்கிறவர் என்பதும் விசாரணைக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தன.

ஒருவரைப் பன்மையில் சொல்வதைப் பற்றித் தொல்காப்பியத்தில், கிளவியாக்கத்தில், ஒரு நூற்பா உண்டு. 'வழக்கி னாகிய உயர்சொற் கிளவி, இலக்கண மருங்கிற் சொல்லா றல்ல' என்று அது முடிகிறது. ஒருமைக்கு உரியவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்வது வழக்கினால் வந்தது. இலக்கண நெறிப்படி வந்ததன்று. கல்லூரியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். அதன் பொருள் புரிந்தது அயர்ன் செக்‌ஷன் விவகாரத்தில்தான். வழக்கில் மட்டுமே உயிர்வாழும் ஒன்றை வழக்கில் கேட்டுத்தான் கற்க முடியும். புத்தகம் வாங்கிப் படித்தாலும், 'நீ' என்பது முன்னிலை ஒருமை என்று போட்டிருக்கும். எதிரில் நிற்பவர் ஒருவர். ஆகவே 'நீ' சரி. அவரிடம் நாம் 'ங்க' சொல்லாத வரையில், 'ங்க' என்று ஒன்று இருப்பதையே அவர் அறிய வழியில்லை. அந்தச் சொல்லை அவருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அவரிடமிருந்து அதை எதிர்பார்த்தோம்.

நம் ஊரில் இது புதிதன்று என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எங்கள் கிராமத்தில் தலை நரைத்த பெரியவரைப் பத்து வயதுச் சிறுவன் பேர் சொல்லி, 'வாடா' என்று அழைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பெரியவர் அந்தச் சிறுவனைப் பன்மையில் அழைத்ததையும் பார்த்திருக்கிறேன். யாருக்கு 'ங்க', யாருக்கு 'டா' என்பதைச் சாதி தீர்மானித்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடிப் பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை உதறச் சொன்னபோது, ஒருவரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பது அரசியல் என்று இந்த மண் புரிந்துகொண்டிருந்தது. அந்தப் புரிதல் எங்கள் ஹாலின் வாசல்வரை வந்து நின்றுவிட்டது.

விசாரணை அறை

அறையில் ஐந்து பேர். மேனேஜர், எச்.ஆர். அதிகாரி, தொழிலாளர் தரப்பில் ஒரு டெய்லர் அண்ணன், அவர், நான். நான்கு நாற்காலிகள் இருந்தன, அவர் நின்றார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. என்னை அந்தக் கம்பெனி வேலைக்கு எடுத்ததே எனக்கு இந்தி தெரியும் என்பதால்தான். ஆகவே கேள்விகளை இந்தியில் கேட்டு, பதில்களைத் தமிழில் சொல்ல வேண்டியது என் வேலை. அவருக்கும் இந்தி சொந்த மொழியன்று, எனக்கும் அன்று. இரண்டு பேருக்கும் இரவல் ஆன மொழியில் ஒருவருடைய குற்றத்தை விசாரித்தோம். இது எவ்வளவு விபரீதமான ஏற்பாடு என்று அந்த அறையில் எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"எதுக்கு மரியாதை இல்லாம பேசினான்னு கேளும்மா" என்றார் எச்.ஆர். அதிகாரி. கேட்டேன். அவர் புரியாமல் என்னையே பார்த்தார். தாம் மரியாதையாகத்தானே 'சார்' என்று சொன்னதாகச் சொன்னார். நான் 'நீ' என்ற சொல்லை எடுத்துச் சொல்லி, தமிழில் இது பெரியவர்களிடம் சொல்லக் கூடாத சொல் என்றேன். அவர் முகத்தில் எழுந்த திகைப்பு இன்னும் என் கண்முன் நிற்கிறது. "தீதி, இங்கே எல்லோரும் என்னிடம் இப்படித்தான் பேசுகிறார்கள். இதுதான் தமிழ் என்று நினைத்தேன். வேறு சொல் இருக்கிறதா?" என்று கேட்டார். வாதாடுகிற தொனியே இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறவரின் குரல்.

இந்தப் பதிலை நான் தமிழில் சொன்னேன். சொல்லும்போது அவருடைய பேச்சில் இருந்த மரியாதையெல்லாம் என் தமிழில் 'நீங்க'வாகவும் 'சொல்றாங்க'வாகவும் வந்து விழுந்தது. "இப்ப மட்டும் மரியாதையா வருதா?" என்று மேனேஜர் கேட்டார். அது என் தமிழ்தான் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஏனென்றால் அந்த நொடியில் வேறொன்று என் மனத்தில் தைத்தது. இந்தியில் மூன்று படிகள்: தூ, தும், ஆப். நாய்க்கும் நெருங்கிய நண்பனுக்கும் கடவுளுக்கும் 'தூ'. சமமானவருக்கும் சின்னவருக்கும் 'தும்'. மதிப்புக்கு உரியவருக்கு 'ஆப்'. அவர் அந்த அறையில் என்னிடம் பேசிய ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ஆப்' இருந்தது. என்னைவிடப் பத்து வயதுக்கு மூத்தவர், என்னை 'தீதி' என்று, அக்கா என்று, அழைத்தார். நான் அவரிடம் கேட்ட ஒவ்வொரு கேள்வியிலும் 'தும்' இருந்தது. 'தும்னே க்யா போலா', நீ என்ன சொன்னாய், என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மரியாதைக் குறைவாகப் பேசிய குற்றத்தை, மரியாதைக் குறைவான மொழியில், நான் விசாரித்துக்கொண்டிருந்தேன். அவர் என்மீது புகார் எழுதவில்லை.

"எதப் பாக்கச் சொன்னான்னு கேளு" என்று டெய்லர் அண்ணன்தான் முதலில் கேட்டார். அதுவரை அந்தக் கேள்வி எழவே இல்லை. அவர் சொன்னார். ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். அறுநூறுக்கு மேற்பட்ட பீஸ்களைப் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. அன்று இரவு முழுக்கக் கை மாற்றித் தைத்தார்கள். அந்த ஏற்றுமதி தப்பியது அவர் கண்ணால். இருந்தும் கடிதம் கொடுக்கப்பட்டது. கண்டுபிடித்தது வேறு, பேசினது வேறு என்றார்கள். மேனேஜரை இதில் கொடியவராக நான் காட்ட மாட்டேன். கைமடியாக இருந்த காலத்தில் 'டேய்' என்ற அழைப்பைத் தவிர வேறொன்றும் கேட்டறியாதவர் அவர். 'ங்க' அவருக்குப் பிறப்பால் வரவில்லை, பதினைந்து இருபது ஆண்டு உழைப்பில் வந்தது. அதை அன்னியர் முன்னால் ஒருவர் பறித்துவிட்டதாக அவர் நினைத்தார். அந்த வலி உண்மையானது. ஆனால் அந்த வலியை உண்டாக்கியது ஆங்கிலம் பேசிய இருவரின் அலட்சியம். அதைத் திருப்பிக் கேட்க அவருக்கு மொழி இல்லை. கேட்க முடிந்த ஓரிடத்தில் கேட்டுவிட்டார்.

அப்பாவின் இந்தி

அன்று இரவு சங்ககிரிக்கு அப்பாவிடம் பேசினேன். எனக்கு இந்தி வந்தது பள்ளிக்கூடத்திலிருந்து அன்று, அப்பாவின் லாரியிலிருந்து. இருபத்தெட்டு ஆண்டுகள் அவர் லாரி ஓட்டினார். நாமக்கல் முட்டையும் சேலத்து ஜவ்வரிசியும் ஏற்றிக்கொண்டு கொல்கத்தா வரைக்கும் போவார். வீட்டுக்கு வந்தால் போனில் லோடுமேன்களோடும் புரோக்கர்களோடும் இந்தியில் சத்தம்போட்டுப் பேசுவார்; திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துவிட்டது. அந்த இந்தியில் 'தூ' இருந்தது, 'தும்' இருந்தது, 'சீக்கிரம் செய்' என்கிற 'ஜல்தி கரோ' இருந்தது. 'ஆப்' கிட்டத்தட்ட இல்லை. நடந்ததை அப்பாவிடம் சொல்லி, "ஏங்கப்பா, நீங்க 'ஆப்' சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

"எனக்கு எவன் சாமி 'ஆப்' சொன்னான், நான் கத்துக்கறதுக்கு?" என்றார்.

பிறகு, வீட்டில் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். லாரிக்குச் சென்ற புதிதில், வடக்கே ஒரு சோதனைச் சாவடியில், காகிதங்களை நீட்டி, "சாப், தும் தேக்கோ", சார், நீ பாரு, என்று ஓர் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த இந்தியில் அதுதான் மரியாதை. முன்னால் 'சாப்' இருந்ததே. அதிகாரி காகிதங்களைக் கீழே போட்டுவிட்டார். "மதராசிக்கு என்ன திமிர்" என்றாராம். காலை ஒன்பது மணிக்கு நிறுத்திய வண்டியை இரவு வரை விடவில்லை. மே மாத வெயிலில், முட்டை லோடு. தார்ப்பாயின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே அப்பாவும் கிளீனரும் நின்றிருக்கிறார்கள். என்ன தப்புச் செய்தோம் என்பதே மறுநாள் வேறொரு டிரைவர் சொல்லித்தான் தெரிந்ததாம். "அந்த மனுசனும் அப்படித்தானே நின்னிருப்பாரு அம்மிணி, என்ன தப்புன்னு தெரியாம" என்றார் அப்பா. நான் அவரைப் பற்றி 'அவன்' என்று சொல்லிக்கொண்டுவந்த பேச்சில், அப்பாதான் முதலில் 'மனுசன்' என்றார், 'நின்னிருப்பாரு' என்றார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. சாலையோரத்தில் அப்பாவுக்குக் கிடைத்த 'தும்' என் வாய்க்கு வந்து, என் வழியாகக் கஞ்சத்துக்காரர் ஒருவர்மேல் இறங்கியிருக்கிறது. சூரத்தில் அவருக்கும் 'தூ'தான் கிடைத்திருக்கும். ஆனால் அவர் அதோடு 'ஆப்'பையும் எங்கேயோ தேடிக் கற்றுக்கொண்டிருக்கிறார். நான் அதைச் செய்யவில்லை. இங்கே நான் செய்த பிழை அறியாமை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. 'ஆப்' என்ற சொல் இருப்பது எனக்குத் தெரியும். பையிங் ஆபீஸிலிருந்து தில்லிக்காரர் போனில் பேசினால் தடுமாறாமல் 'ஆப்' சொல்வேன். அயர்ன் மேஜைக்கு அதைக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் தோன்றாமல் இருந்தது.

'ங்க'வும் 'ந்து'வும்

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அயர்ன் செக்‌ஷனுக்குப் போய், அவரிடம் முதலில் 'ஆப்' என்று பேசினேன், மன்னிப்புக் கேட்டேன். பிறகு, எந்த வினைக்குப் பின்னாலும் 'ங்க' சேர்த்தால் போதும் என்று சொல்லிக் கொடுத்தேன். வா, வாங்க. பாரு, பாருங்க. கால் மணி நேரத்தில் அவரும் பக்கத்தில் இருந்த ஐந்து பேரும் கற்றுக்கொண்டார்கள். இதைக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் கால் மணி நேரம் கிடைக்கவில்லை. அன்று மாலையே அவர் அதைப் பழகத் தொடங்கினார். யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குத் தேவையில்லை என்ற எங்கள் ஊர்க் கணக்கு அவருக்குத் தெரியாது. ஆகவே எல்லோருக்கும் சொன்னார். டீ கொண்டுவரும் சிறுவயதுக்காரருக்கு, "டீ குடுங்க" என்றார். ஹாலைக் கூட்டுகிற அம்மாவிடம், "கொஞ்சம் தள்ளுங்க அம்மா" என்றார். டெய்லர்கள் சிலர் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. துடைப்பத்தை ஒருபுறம் சாய்த்துவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்து, "சரிங்க" என்றார். கம்பெனியில் அந்த அம்மாவையும் யாரும் 'ங்க' போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவியதும், ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பியவர்களோடு பயந்து கிளம்பியவர்களும் சேர்ந்து ரயில் நிலையத்தில் கூட்டம் நெரிந்ததும், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துப் போனதும் எல்லோரும் அறிந்தவை. எங்கள் கம்பெனியில் அந்த வாரம் ஒலிபெருக்கியில் இந்தியில் ஓர் அறிவிப்பு வந்தது. 'ஆப் லோக் டரியே மத்', நீங்கள் யாரும் பயப்படாதீர்கள், என்று தொடங்கியது. அந்த ஹாலில் அவர்களுக்கு 'ஆப்' சொல்லப்பட்டு நான் கேட்டது அதுவே முதல் முறை. ஆட்கள் போய்விட்டால் ஆர்டர் முடியாது என்ற நிலை வந்த பிறகு அந்தச் சொல் வந்தது. எனக்கு அதைக் கேட்டு மகிழ்ச்சி வரவில்லை. மார்ச் முடிந்ததும் அறிவிப்பு நின்றது; 'ஆப்'பும் நின்றது.

அந்த ஆண்டின் நடுவில்தான் அறிவிப்புப் பலகை விஷயத்தைக் கையில் எடுத்தேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஆலையில் ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. எங்கள் ஆலையை மொத்தமாக எண்ணினால் பெரும்பான்மை தமிழ்தான்; ஆகவே தமிழும் ஆங்கிலமும் இருந்தாலே சட்டம் நிறைவேறிவிடும். அயர்ன் செக்‌ஷனை மட்டும் எண்ணினால் பத்தில் ஏழு பேர் ஒடியாக்காரர்கள். கொதிநீராவியும் மின்சாரமும் சேர்ந்து புழங்குகிற, தீப்பிடித்தால் முதலில் ஓட வேண்டிய இடம் அது. வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டுக்காக இந்திப் பலகை ஒன்றும் பின்னால் சேர்ந்தது, ஒடியா இல்லை. நான் எழுதிக் கேட்டேன். செலவில்லாத காரியம் என்பதால் உடனே அனுமதி கிடைத்தது. கணினியில் மொழிபெயர்த்து, அச்செடுத்து, சரிபார்க்க அவரிடம் கொண்டுபோனேன்.

அவர் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். வாசிக்கத் தொடங்கினார். மூன்று ஆண்டுகளாக அவரைத் தெரியும். அவர் பேச்சு எனக்கு எப்போதும் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது. அந்தத் தாளை அவர் தம் மொழியில், நிறுத்தாமல், ஏற்ற இறக்கத்தோடு, வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல வாசித்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்கள். பிறகு என்னிடம் பேனா கேட்டார். அங்கங்கே வினைச்சொற்களின் கடைசியை அடித்துவிட்டு வேறு எழுதினார். என்ன தவறு என்று கேட்டேன். ஒடியாவிலும் மூன்று படிகள் உண்டாம்: தூ, துமே, ஆபண. 'ஆ' என்றால் வா. 'ஆஸ' என்றால் சமமானவரிடம் சொல்லும் வா. 'ஆஸந்து' என்றால் வாருங்கள். கணினி 'ஆஸ' என்ற வகையில் எழுதியிருந்தது. "சுவரில் ஒட்டுகிற தாள், பெரியவர்களும் படிப்பார்கள் தீதி" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வினைக்கும் பின்னால் 'ந்து' சேர்த்துக்கொண்டு போனார். பதினோரு இடங்களில் சேர்த்தார். எங்கள் 'ங்க' எங்கே உட்காருமோ, சரியாக அதே இடத்தில் அவர்களுடைய 'ந்து' உட்கார்ந்தது.

அந்தத் தாள் இப்போது லேமினேட் செய்யப்பட்டு, அவசர வழிக் கதவுக்கு அருகில் ஒட்டியிருக்கிறது. அவர் 2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனார். மகள் கல்யாணத்துக்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்டதாக அவர் ஊர்க்காரர் சொன்னார். அவருடைய எச்சரிக்கைக் கடிதத்தைக் கோப்பிலிருந்து நீக்கும்படி நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆள் போய்விட்டாரே, இனி எதற்கு என்று கேட்கிறார்கள். பதில் கடிதம் வரவில்லை. கோப்பை எடுத்துப் பார்த்தேன். 'மேலதிகாரியிடம் ஒருமையில் பேசி மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதற்காக' என்று தமிழிலும் கீழே ஆங்கிலத்திலும் நான் தட்டச்சு செய்த வரிகள். அவற்றின் கீழே, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், குடை கவிழ்த்ததுபோல் வளைந்த ஒடியா எழுத்துகளில், அவர் தம் பெயரை முழுதாக எழுதியிருக்கிறார்.